கோல்கீப்பரை நான் கொடுக்கவில்லை

நான் வேலை பார்த்த பட்டறையின் விளையாட்டுக் கழகம் ஒரு மலர் போட்டிருக்கிறது. எனக்கும் ஒரு பிரதி தபாலில் வந்தது. வழவழப்பான தாள், முன் அட்டையில் கோப்பைகளின் படம். உள்ளே ஆக்கி அணியைப் பற்றி நாலு பக்கம். அதில் ஒரு பாரா இப்படிச் சொல்கிறது: ஒரு வருடம் கோப்பை கைக்கு எட்டி நழுவிப் போனது. தடுமாறிக்கொண்டிருந்த கோல்கீப்பரைக் கொடுத்துவிட்டு நல்ல ஆட்டக்காரர் ஒருவரை வாங்கும் வாய்ப்பு வந்தும், அன்றைய கேப்டனின் பிடிவாதத்தால் அது நடக்காமல் போயிற்று. கேப்டனின் பெயரைப் போடவில்லை. மரியாதைக்காக விட்டிருப்பார்கள்.

அந்த மரியாதை எனக்கு வேண்டாம். அந்தக் கேப்டன் நான்தான். பெயர் முனுசாமி, பாய்லர் செக்‌ஷன், ரிவிட் வேலை. பிடிவாதம் பிடித்தேன் என்று எழுதியதிலும் எனக்கு மனத்தாங்கல் இல்லை, பிடித்தது உண்மை. எதற்காகப் பிடித்தேன் என்று ஒருவராவது நான் இருக்கும் திருவொற்றியூருக்கு பஸ் ஏறி வந்து கேட்டிருக்கலாம். கேட்காமலே எழுதிவிட்டார்கள். இத்தனை வருடம் நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. திறந்தால் ஒருவனுடைய பிழைப்பு போயிருக்கும். அவன் இன்று உயிரோடு இல்லை. அவனை மாற்ற நினைத்த போர்மேனும் இல்லை. இனி யாருடைய சோற்றிலும் மண் விழாது, எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை இராயபுரத்தில் துறைமுகச் சுவரை ஒட்டி இருந்தது. இழுவைப் படகுகளுக்கும் தூர்வாரும் கப்பல்களுக்கும் பாய்லர் கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் முக்கிய வேலை. முதல் நாலு வருடம் தகடு தூக்கினேன், உலை ஊதினேன், திட்டு வாங்கினேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஐந்தாம் வருடம் சுத்தி என் கைக்கு வந்தது.

ரிவிட் அடிப்பது மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலை. உலைக்காரர் ரிவிட்டைச் சிவக்கக் காய்ச்சி இடுக்கியால் பாய்லருக்குள் நீட்டுவார். உள்ளே உட்கார்ந்திருப்பவன் அதை வாங்கித் தகட்டுத் துளையில் செருகுவான். செருகியதும் அதன் தலைமேல் டாலி என்கிற கனத்த இரும்பை வைத்து, தோளையும் மார்பையும் சாய்த்து அழுத்திப் பிடித்துக்கொள்வான். வெளியே நான். துளை வழியாக எட்டிப் பார்க்கும் முனையை, சிவப்பு மாறுவதற்குள் அடித்து இன்னொரு தலையாக்க வேண்டும். சிவப்பு போன பிறகு அடித்த ரிவிட் தகட்டைக் கவ்வாது. அதை வெட்டி எடுத்துவிட்டு முதலில் இருந்து தொடங்க வேண்டும். உள்ளே இருப்பவன் ஒரு மயிரிழை அசைந்தாலும் ரிவிட் தளர்ந்துவிடும். அதனால் அவன் அசையவே கூடாது. நான் ஒரு ரிவிட்டுக்கு எத்தனை அடி அடிக்கிறேனோ அத்தனையையும் அவன் உடம்புதான் வாங்கும்.

ஆரம்பத்தில் கைச்சுத்திதான். பிறகு காற்றுச் சுத்தி வந்தது. குழாய் வழியாகக் காற்று ஓடும். கைப்பிடியை அழுத்தினால் அது தானாகவே படபடவென்று அடிக்கும். துரைமார் அதைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். உள்ளே இருந்தவனை யாரும் கேட்கவில்லை. பெரிய கோயில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அதை நாள் முழுவதும் அடிக்கச் சொன்னால் எப்படியோ அப்படித்தான் அவனுக்கு. எண்ணெய் துடைக்கும் பஞ்சு வேஸ்டைக் காதில் திணித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பாதுகாப்பு. பாய்லர் செக்‌ஷனில் யாரும் வாயால் பேசிப் பயனில்லை. உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேச்சு. புதிதாக வருகிறவர்கள் எங்களை ஊமைகள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எனக்கு உள்ளே உட்கார்ந்தவன் அந்தோணி. இராயபுரத்து மாதா கோயில் தெருக்காரன். அகலமான மார்பு, நிதானமான ஆள். எட்டு வருடம் என் சுத்திக்கு அந்தப் பக்கம் அவன் இருந்தான். டாலியை அசையாமல் பிடிக்கிறவன் கோலில் எப்படி நிற்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஆக்கி அணி தொடங்கியபோது அவனைத்தான் முதலில் கோலில் நிறுத்தினார்கள். நான் அவனுக்கு முன்னால் புல்பேக். பட்டறையில் தகடு நடுவில் இருந்தது, மைதானத்தில் அது இல்லை. மற்றபடி அதே இரண்டு பேர்.

அணியைத் தொடங்கியவர் போர்மேன் பெரைரா. ஆங்கிலோ இந்தியர், சிறு வயதில் நல்ல ஆட்டக்காரராம். வெள்ளைக் கால்சட்டையில் கரி படாமல் பாய்லருக்குள் போய்த் திரும்பி வரத் தெரிந்த ஒரே மனிதர். அடித்து முடித்த ரிவிட்டுகளை மாலையில் அவரே சோதிப்பார். ரிவிட் தலையின் ஒரு பக்கத்தில் இடது கை விரலை வைத்துக்கொண்டு, மறு பக்கத்தில் சின்னச் சுத்தியால் ஒரு தட்டு. தளர்ந்திருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். உடனே சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. திட்ட மாட்டார், முகத்தைக்கூடச் சுளிக்க மாட்டார், அடுத்ததற்குப் போய்விடுவார். குறி விழுந்த ரிவிட்டைக் காலையில் நாம் வெட்டி எடுத்தாக வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை. நல்ல வேலைக்கும் ஒரு சொல் சொல்ல மாட்டார். குறி விழாமல் இருந்தால் அதுதான் பாராட்டு.

மைதானத்திலும் அவர் அப்படித்தான். கோட்டுக்கு வெளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஆட்டம் முடிந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் யார் பெயருக்கு நேராகவாவது பெருக்கல் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்தக் காலத்தில் கம்பெனிகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. போட்டியில் ஆட வேண்டுமானால் அந்தக் கம்பெனியின் ஆள் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அதனால் நல்ல ஆட்டக்காரன் வேண்டுமென்றால் அவனுக்கு வேலை கொடுக்க வேண்டும். சும்மா கொடுப்பார்களா? ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வார்கள். போர்மேன் ஒரு மாற்றல் சீட்டு எழுதுவார், அணியின் கேப்டன் கையெழுத்துப் போடுவான், போகிறவனும் போடுவான். சீட்டோடு வாசலைத் தாண்டிய அன்றே இங்கே பதிவேட்டில் அவன் பெயரை வெட்டிவிடுவார்கள். அங்கே அந்தக் கம்பெனி டாக்டர் அவனைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் பெயர் ஏறும். டாக்டர் வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் மாடு மாதிரி இருப்பார்கள், டாக்டர் எதற்கு வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தோம்.

நான் சொல்லும் வருடம் சீசன் தொடங்கியதிலிருந்தே அந்தோணி தடுமாறினான். கோலுக்கு முன்னால் இருக்கும் அரை வட்டத்துக்குள் பந்து வந்தால், புல்பேக் கூவ வேண்டும் என்பது ஆட்ட முறை. “வுடு” என்றால் நான் எடுக்கிறேன், நீ கோட்டிலேயே நில். “எடு” என்றால் நீ ஓடி வந்து உதை. நான் வுடு என்றால் அவன் வந்தான், எடு என்றால் நின்றான். ஒரே மாதத்தில் எங்கள் மேல் விழுந்த கோல்கள் முந்தின சீசன் முழுவதும் விழுந்ததைவிட அதிகம். ஒரு ஆட்டத்தில் நடுவர் விசில் ஊதினார். மைதானமே நின்றுவிட்டது. அந்தோணி மட்டும் பாய்ந்து வந்து நின்ற பந்தை ஓங்கி உதைத்தான். அது நடுவரின் முழங்காலில் போய் விழுந்தது. நடுவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு எச்சரித்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை.

“கோலி தூங்கிகினு கீறான்யா, ஒரு தலகாணி குடு” என்று ஒருவன் கத்தினான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

மறுநாள் பெரைரா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் மாற்றல் சீட்டு தயாராக இருந்தது.

“ஆயில் கம்பெனில கரீம்னு ஒரு சென்டர் பார்வர்ட் கீறான், பாத்திருக்கியா மேன்?”

“பாத்துகீறேன் தொர. நம்ம மேலயே மூணு கோல் போட்டவன்.”

“அவனை நமக்குத் தரேங்கறான். அவங்க கோலி கால் ஒடிஞ்சு கெடக்கான். அந்தோணியைக் கேக்கறான். உன் கையெழுத்துதான் பாக்கி.”

கரீம் வந்தால் கோப்பை எங்களுக்குத்தான் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இதையும் எழுதிவிடுகிறேன், என்னைப் பற்றி நல்லதை மட்டும் எழுத நான் மலர் போடவில்லை. முதலில் எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அந்தோணி என் தோஸ்துதான். ஆனால் அவனுக்குக் கை போய்விட்டது, போகட்டுமே, அங்கேயும் வேலைதானே என்று நினைத்தேன். சீட்டில் அவன் கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு என்னுடையதைப் போடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்த நேரமாகப் பார்த்து அவன் வீட்டுக்குப் போனேன்.

ஒற்றை அறை வீடு. அந்தோணி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கோணி ஊசியால் கால் பேடைத் தைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஆரோக்கியம் அடுப்பில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். “வாங்கண்ணே” என்று என்னை அழைத்துவிட்டு, எழுந்து போய் அவன் தோளைத் தொட்டாள். அவன் திரும்பிய பிறகு, “அண்ணன் வந்துகீறாரு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து உப்பு பார்க்கக் குழம்பைக் கொண்டுவந்தாள். அப்போதும் தோளைத் தொட்டாள், திரும்பினான், பேசினாள். மூன்றாம் தடவையும் அப்படியே. கட்டின பெண்டாட்டி இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு தடவையும் ஏன் தொட்டுக் கூப்பிடுகிறாள் என்று எனக்கு உறுத்தியது.

அவன் மறுபடியும் பேடின் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

“அந்தோணி, உன் வேல பூட்ச்சுடா.”

ஊசி தையலில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அடுப்படியில் ஆரோக்கியத்தின் கையில் இருந்த மூடி தரையில் விழுந்து உருண்டு, அவன் காலடி வரைக்கும் வந்து சுற்றிச் சுற்றி அடங்கியது. அவன் அதைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்து எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு.

“எப்பலேர்ந்துடா?” என்று கேட்டேன்.

“ரெண்டு மழ கெய்ஞ்சுது. மொதல்ல விசில் சத்தம் போச்சு. அப்பால பொம்பளைங்க பேச்சு. இப்ப மூஞ்சியப் பாத்தாதான் எனக்கு எதுவும்.”

“ஏண்டா எங்கிட்ட சொல்லல?”

“சொல்லி? பட்டறைல எல்லாம் கையாலதான் பேசறோம், ஒர்த்தனுக்கும் தெர்ல. அந்த பாழாப்போன ஆக்கிதான் காட்டிக் குடுத்துட்ச்சு. பாய்லருக்குள்ள குந்தினவனுக்கு வேற எவன் மாமு வேல குடுப்பான்?”

ஆரோக்கியம் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் காதுகளைக் கொண்டுபோனது எவன் கை? நான் பிடித்த காற்றுச் சுத்தி. எட்டு வருடம் நாள் தவறாமல் அவன் தலைக்கு ஒரு முழ தூரத்தில் அதை வைத்து அழுத்தியவன் நான். போதாததற்கு, சட்டைப் பையில் அவன் வேலையைப் பறிக்கும் சீட்டோடு அவன் வீட்டுக் குழம்பு வாசனையில் நின்றுகொண்டிருந்தேன். அன்று எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆயில் கம்பெனி டாக்டர் காதையும் சோதிப்பார். நெருப்புப் பிடிக்கும் இடம், மணி அடித்தால் ஓட வேண்டும், காது கேட்காதவனை உள்ளே விடமாட்டார்கள். இங்கே பெயர் வெட்டுப்பட்டிருக்கும், அங்கே ஏறாது. அந்தோணி தெருவில் நிற்பான். இதுதான் அந்தச் சீட்டுக்குப் பொருள்.

திங்கட்கிழமை சீட்டைப் பெரைராவின் மேஜைமேல் வைத்தேன். கையெழுத்து இல்லை.

“அந்தோணியத் தரமுடியாது தொர.”

“ஏன் மேன்?”

“எனக்கு வேணும் அவன்.”

“காரணம்?”

“அதான் சொன்னேனே. எனக்கு வேணும்.”

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். ரிவிட் தலையில் விரலை வைத்துப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு சீட்டை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு வேறு காகிதத்தை எடுத்துக்கொண்டார். அணிக்காரர்கள் அவரைப் போல் சும்மா இருக்கவில்லை. கரீமை வேண்டாம் என்றவன் என்று என்னோடு சேர்ந்து டீ குடிக்கக்கூட வரவில்லை. “தோஸ்துக்காக டீமையே அடமானம் வெச்சுட்டான்யா” என்று என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். காரணத்தைச் சொன்னால் அது ஒரே நாளில் போர்மேன் அறைக்குப் போய்விடும்.

ஆனால் வாயை மூடிக்கொண்டால் மட்டும் கோல் நிற்காதே. நானும் அந்தோணியும் மாலையில் கடலோரம் மணலில் அரை வட்டத்தைக் கீறி உட்கார்ந்து யோசித்தோம். காதால் கேட்க வேண்டியிருப்பதால்தானே தடுமாற்றம்? கேட்கவே வேண்டாம் என்று முடிவு கட்டினோம். வட்டத்தின் இடது பக்கம் வந்தால் என்னுடையது, அவன் கோட்டை விட்டு அசைய மாட்டான். வலது பக்கமும் நடுவும் அவனுடையது, பார்த்ததும் பாய்ந்து வருவான், நான் ஒதுங்கி கோலுக்குள் போய் நிற்க வேண்டும். கூவுவது அறவே கிடையாது. விசிலுக்கு அவன் என் மட்டையைப் பார்க்க வேண்டும். நான் மட்டையைத் தரையில் சாய்த்தால் ஆட்டம் நின்றது என்று பொருள். பத்து நாள் இதையே பழகினோம். அதன் பிறகு நடந்த நாலு ஆட்டத்தில் எங்கள் கோலுக்குள் ஒரே ஒரு பந்துதான் போனது. தலையணை கேட்டவன் எங்கே போனானோ தெரியவில்லை. எப்படித் திருந்தினான் என்று எல்லோரும் அந்தோணியைக் கேட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டு மாதா படத்தைக் காட்டிவிட்டான்.

இறுதி ஆட்டம் ஆயில் கம்பெனியோடு. ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது கரீம் நடுவில் புகுந்து வந்தான். பந்து அவன் மட்டையை விட்டுச் சற்றுத் தள்ளி ஓடியது. எனக்கு எட்டும் தூரம். நடுவில் வரும் பந்து அந்தோணியுடையது, நாங்கள் மணலில் கீறி வைத்த சட்டம் அது. அந்த ஒரு கணம் எனக்கு அது மறந்துபோயிற்று. பல வருடப் பழக்கம் பத்து நாள் பழக்கத்தை அமுக்கிவிட்டது. “வுடு” என்று அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டு பாய்ந்தேன். அந்தோணி சட்டப்படி வெளியே வந்தான். இரண்டு பேரும் மோதி விழுந்தோம். பந்து எங்கள் இருவருக்கும் நடுவே மெல்ல உருண்டு கோலுக்குள் போனது. அதை உதைக்கக்கூட ஆள் தேவைப்படவில்லை.

நான் கத்தியது மைதானத்தில் கடைசி வரிசையில் நின்றவனுக்கும் கேட்டிருந்தது. அதனால் எல்லோருக்கும் தீர்ப்பு சுலபமாகப் போயிற்று. கேப்டன் விடு என்று அவ்வளவு தெளிவாகக் கத்தியும் கோல்கீப்பர் திமிராக வந்து விழுந்தான். அந்தோணியை அடிக்காத குறை. அவன் தலையைக் குனிந்துகொண்டு பேடை அவிழ்த்தான். என்னைக் காட்டிக் கொடுக்க ஒரு சொல் போதும், சொல்லவில்லை.

“தப்பு என்து. கோல் என்னாலதான் போச்சு” என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். யாராவது நம்பினால்தானே. தோஸ்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்றார்கள். அதையே கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்று மலர் போட்டிருக்கிறார்கள். கோப்பை போனதற்குக் காரணம் கோல்கீப்பரை வைத்துக்கொண்டது இல்லை. அவனுக்கு முன்னால் நின்ற நான் எங்கள் சட்டத்தை மறந்தது. அச்சில் ஏற வேண்டுமானால் இது ஏறட்டும்.

மறுநாள் பெரைரா மேஜை இழுப்பறையைத் திறந்து அதே சீட்டை எடுத்து வைத்தார். அந்தோணியின் பெயருக்கு நேராக ஒரு பெருக்கல் இருந்தது.

“கரீம் இன்னும் கெடைப்பான். அவங்களுக்கு கோலி வேணும், புல்பேக்கும் வேணும். இந்தவாட்டி நான் உன்னைக் கேக்கப்போறதில்லை மேன்.”

நான் அவர் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து அந்தோணி பெயரை அடித்துவிட்டு, என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் போர்மேன் பேனாவை அவரைக் கேட்காமல் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

“புல்பேக்கும் வேணும்னீங்களே தொர. நான் பூட்றேன். கரீம வாங்கிக்கோங்க.”

“பதினஞ்சு வருஷ சர்வீஸ் மேன் உனக்கு.”

“இருக்கட்டும்.”

வெளியே நின்று அடிப்பவன் நான், என் காதுக்கு என்ன, டாக்டர் ஒரு பார்வை பார்த்து விட்டுவிடுவார் என்ற தைரியம் எனக்கு. வீட்டில் மூன்று பிள்ளைகள். என் மனைவியிடம் சொல்லாமலே போனேன்.

ஆயில் கம்பெனி டாக்டர் வயதானவர், மரியாதையாகப் பேசினார். நாடி பார்த்தார், பல்லைப் பார்த்தார், கண்ணுக்கு எழுத்துப் பலகை காட்டினார். பிறகு, “அந்தச் சுவரைப் பார்த்து நில்லுப்பா. நான் நம்பர் சொல்லுவேன், திருப்பிச் சொல்லு” என்றார். நின்றேன். சுவரில் ஒரு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். வெகு நேரமாயிற்று.

“சொல்லுங்க டாக்டர்” என்றேன்.

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

“ஆறு நம்பர் சொல்லிட்டேன்பா” என்றார் டாக்டர்.

அங்கிருந்து பட்டறைக்கு நடந்தே வந்தேன். கால் நடந்தது, நான் நடக்கவில்லை. பெயர் வெட்டுப்பட்டிருக்கும். அந்தோணியை எந்தக் குழியில் தள்ளிவிடுவார்கள் என்று பயந்தேனோ அதில் நானே போய் இறங்கியிருந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் காது போனதே எனக்குத் தெரியாமல் வைத்திருந்த வேலைமேல் கோபம், அதற்குக் கைதட்டிய துரைமார்மேல் கோபம்.

பெரைரா டாக்டர் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

“உனக்கே காது இல்லையா மேன்?” என்றார். பிறகு ஏதோ கணக்குப் போட்டவர் போல, “அப்ப உள்ளே உக்காந்தவனுக்கு?” என்று மெதுவாகக் கேட்டார். அவர் உதட்டைப் பார்த்துத்தான் அதைப் புரிந்துகொண்டேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அதுவரை அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது.

“அவனையும் அனுப்பிப் பாருங்க தொர. அத்தோட வுடாதீங்க. பாய்லர் செக்‌ஷன்ல கீற அத்தினி பேரையும் ஒர்த்தர் பின்னால ஒர்த்தரா அந்த டாக்டராண்ட அனுப்புங்க. காதோட எவன் திரும்பி வர்றான்னு பாக்கலாம். அப்டி வராதவன் பேரெல்லாம் வெட்டிட்டு, அப்பால யாரை வெச்சு பாய்லர் கட்டுவீங்கன்னும் சொல்லுங்க.”

போர்மேனிடம் அப்படிப் பேசியவனைப் பட்டறை அதுவரை பார்த்ததில்லை. வாசலில் காவல்காரர் வந்து எட்டிப் பார்த்தார். பெரைரா அவரைக் கையால் போகச் சொன்னார். பதிவேட்டை எடுத்து என் முன்னால் திறந்து வைத்தார். என் பெயர் வெட்டுப்படாமல் அப்படியே இருந்தது.

“காலைலேர்ந்து பேனால மை இல்லை மேன்” என்றார். அவருடைய மைக்கூடு பாதிக்கு மேல் நிறைந்து பக்கத்திலேயே இருந்தது. டாக்டர் சீட்டையும் மாற்றல் சீட்டையும் ஒன்றாக வைத்துக் கிழித்துக் கூடையில் போட்டார். “போய் வேலையைப் பாரு. மூணாம் நம்பர் பாய்லர்ல ஒரு வரிசை பாக்கி இருக்கு.”

மூணாம் நம்பர் பாய்லரின் வாயில் அந்தோணி உட்கார்ந்திருந்தான். நான் போன விஷயம் அவனுக்கு எட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது. நான் அவன் எதிரில் குந்தி, முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

“டாக்டர் தள்ளிட்டாருடா. எனக்கும் காது பூட்ச்சாம்.”

அவன் அதிர்ச்சி அடைவான் என்று நினைத்தேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

“அது எனக்கு ஒரு வருசமா தெரியும் மாமு” என்றான். “மத்தவன் பேச்சு ஒண்ணும் கேக்காத எனக்கு, கிட்ட நின்னா உன் பேச்சு மட்டும் கொஞ்சம் கேட்டுகினே கீது. எதுக்கு நீ அவ்ளோ கத்தற? உனக்கு கேக்கலன்னுதானே. எவனாண்டயாவது சொன்னா உன் வேல பூடும். அதான் வாயத் தொறக்கல.”

உலைக்காரர் சிவந்த ரிவிட்டை நீட்டினார். அந்தோணி டாலியை எடுத்துக்கொண்டு உள்ளே தவழ்ந்து போனான். இவனையா நான் ஒரு சென்டர் பார்வர்டுக்காகக் கொடுத்திருக்க வேண்டும்?